சாக்ஸ் அக்கா தேய்த்த வளையம்

பெரிய மனிதர்கள் யாரும் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், பொம்மைக்கடை மாடியில், நாற்பது ஐம்பது பேர் அவள் மேஜைக்கு எதிரே வரிசையில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழு வயதுப் பொடிசும் இருக்கும், தலை நரைத்த பேங்க் கேஷியரும் இருப்பார். அவள் "ஆகும்" என்றால் உள்ளே. "ஆகாது" என்றால் வெளியே. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

விஷயம் பம்பரம். கயிறு சுற்றித் தரையில் விடுகிற மரப் பம்பரம் இல்லை. மேலே ஓர் உலோக வளையம், நடுவில் பிளாஸ்டிக், அடியில் ஒரு முனை என்று மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற பம்பரம். லாஞ்சர் என்று ஒரு கைப்பிடி உண்டு. அதில் பம்பரத்தைப் பொருத்தி நாடாவை ஒரே இழுப்பாக இழுத்தால், பம்பரம் ஒரு பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் பாய்ந்து சுற்றும். எதிராளியின் பம்பரமும் அதே கிண்ணத்தில்தான். இரண்டும் முட்டி மோதி, கடைசி வரைக்கும் எது நிற்கிறதோ அது ஜெயித்தது.

மோதும்போது எதிராளியின் பம்பரத்தைக் கடித்துக் குதறுகிற வளையங்களை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கு அவள் வைத்திருந்த கருவி ஒரு பழைய நைலான் சாக்ஸ். அதை இடது கையில் முழங்கை வரை மாட்டி, முஷ்டியை இறுக்கி, அதன் மேல் வளையத்தை ஒரு சுற்று உருட்டுவாள். ஓர் இழை சிக்கினால் போதும், வளையம் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். போட்டி முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகள் அந்த டப்பாவுக்கு ஜெயில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு சாக்ஸ் அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் பாட்டி என்று கூப்பிடாமல் விட்டார்களே, அதுவே பெரிய காரியம் என்று அவளும் இருந்துவிட்டாள்.

மற்ற நாட்களில் அவள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் ஓரம் தேய்ப்பவள். கண்ணாடியை ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி வெட்டியதும் அதன் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அப்படியே மாட்டிக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறவரின் கன்னத்தைக் கீறிவிடும். சாணைச் சக்கரத்தில் லேசாகக் காட்டி அந்தக் கூர்மையை எடுத்துவிடவேண்டும். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அவள் கட்டைவிரலில் ரேகையே இல்லை, தேய்ந்துபோய்விட்டது. ஆனால் அந்த விரலுக்குத் தட்டுப்படாத பிசிறு எங்கேயும் கிடையாது. "ஓரத்த எவ்வளவு தேய்ச்சாலும் பார்வை மாறாது, பயப்படாம தேய்" என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். கண்ணாடிக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. பம்பரத்துக்கு அப்படி இல்லை, ஒரு பக்கம் கடுகளவு எடை குறைந்தாலும் ஆடிவிடும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை. எல்லாம் அங்கேதான் கெட்டது.

அவளை அந்த மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனதே அண்ணன்தான். பஸ் டிரைவர். அவளைவிட ஏழு வயது மூத்தவன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "முப்பதடி நீளத்துல ஒருத்தியக் கட்டிட்டு அல்லாடறேனே, அது போதாதா?" என்பான். அவளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, அண்ணன் கதவைத் திறந்தான். பெட்டியை வாங்கினான். "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டான். அவ்வளவுதான். என்ன நடந்தது, ஏன் வந்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷத்திலும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு உயிரையே கொடுக்கலாம் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

பம்பரம் அவனிடம் வந்தது பஸ்ஸில்தான். யாரோ ஒரு குழந்தை கடைசி சீட்டில் விட்டுவிட்டுப் போனது, டிப்போ அலமாரியில் ஆறு மாதம் கிடந்தது. கேட்டு யாரும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தவன், அதோடு மாட்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு வயதில், பொடிசுகளோடு பொடிசாகப் பொம்மைக்கடை மாடியில் போய் நின்றான். அந்தப் பம்பரத்தின் வளையத்தில் பல் பல்லாக இருக்கும். ரம்பம் என்றே அதற்குப் பெயர். மோதினால் எதிராளியின் பிளாஸ்டிக் பிய்ந்துகொண்டு வரும். அண்ணன் நாலு மாதம் வரிசையாக ஜெயித்தான்.

ஐந்தாவது மாதம் ஒரு குட்டிப் பையனின் பம்பரம் மூன்று துண்டாகப் போனது. பையன் அழவில்லை. கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணனைப் பார்த்து "நல்லா விட்டீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பொம்மைக்கடைக்காரரிடம் போய், "இதுக்கு ஒரு சட்டம் போடுங்க. ரம்பம், கொக்கி எதுவும் உள்ள வரக்கூடாது. யாரு பாக்கறதுன்னு யோசிக்காதீங்க, என் தங்கச்சி பாப்பா. அவ கை ஆகாதுன்னு சொன்னா எனக்கே ஆனாலும் ஆகாதுதான்" என்றான்.

அப்படி வந்ததுதான் முதல் சட்டம். இரண்டாவது சட்டத்தை அவளே கேட்டு வாங்கினாள். ரம்பம் போனதும் பிள்ளைகள் சாதாரண வளையத்தை வீட்டில் அரம் போட்டுக் கூராக்கிக்கொண்டு வந்தார்கள். கூராக்கினவர்களும் "மழுங்கத்தான் தேய்ச்சேன் அக்கா" என்று கூசாமல் புளுகினார்கள். யார் எதற்குத் தேய்த்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூராக்கவும் வேண்டாம், மழுக்கவும் வேண்டாம், வளையத்தில் அரம் பட்டாலே ஆகாது என்று எழுதிச் சுவரில் ஒட்டவைத்தாள். மேஜையில் உட்காருகிறவள் பம்பரம் விடக்கூடாது என்பதையும் அவளே சேர்த்தாள். அதனால் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட லாஞ்சரை இழுத்ததில்லை.

அண்ணன் கனமான உருண்டை வளையம் ஒன்றுக்கு மாறினான். பல் கிடையாது, கொக்கி கிடையாது. "ஆளும் மொட்டை, வளையமும் மொட்டை, பொருத்தமாத்தான் இருக்கு" என்று தன் தலையைத் தடவிக்கொண்டான். அதை வைத்தும் ஜெயித்தான். அவன் இழுப்பு அப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வலது கை ஆட ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருக்கும்போதே விரல்கள் தானாக எதையோ உருட்டுகிற மாதிரி நடுங்கும். நரம்பு சம்பந்தப்பட்டது, போகப்போக அதிகமாகும், முழுதாகக் குணமாகாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். பஸ் போயிற்று. ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். கையை விடாமல் வேலை வாங்கவேண்டும் என்றார்.

ஆனால் ஓர் அதிசயம் இருந்தது. லாஞ்சரைப் பிடித்து நாடாவை இழுக்கிற அந்த நொடியில் மட்டும் கை ஆடாது. கல் மாதிரி நிற்கும். பம்பரம் பறந்ததும் மறுபடி ஆட ஆரம்பித்துவிடும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஆறேழு இழுப்பு, அதற்காக அவன் முப்பது நாளும் பந்தை அமுக்கினான், இடறி இடறியாவது தானே சட்டை பட்டனைப் போட்டான், டீயைச் சிந்திக்கொண்டாவது தானே குடித்தான். "இது இழுக்கற வரைக்கும் கை என்னோடதுதான் பாப்பா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அவள் தலையாட்டுவாள். உள்ளுக்குள் அந்த முதல் ஞாயிறை நம்பித்தான் அந்த வீடே நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

போட்டிக்கு முன்னால் தன் பம்பரத்தை அவளிடம் காட்டமாட்டான். "நாளைக்கு வரிசையில வந்து காட்டறேன்" என்பான். அவளும் கேட்கமாட்டாள். அந்தச் சனிக்கிழமை அவன் குளிக்கப் போயிருந்தபோது, மேஜையில் கிடந்ததைச் சும்மாதான் எடுத்தாள். கட்டைவிரல் ஓடியது, ஓர் இடத்தில் நின்றது. பத்து வருஷ மோதலில் உலோகம் நசுங்கி, ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பிசிறு எழும்பியிருந்தது. சாக்ஸை எடுத்து உருட்டிப் பார்த்தாள். இழை சிக்கியது.

நாளைக்கு அத்தனை பேர் முன்னால் "ஆகாது" என்று சொல்லி ஜெயில் டப்பாவில் போடவேண்டும். வேறு வளையம் கிடையாது. அந்த மாதிரியைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. மற்ற வளையம் எதுவும் அவன் கைக்குச் சரிப்படவில்லை. ஒரு ஞாயிறு தவறினால் அந்த மனுஷன் அடுத்த முப்பது நாளை எப்படிக் கடத்துவான்?

வளையத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்த பட்டறைக்கு நடந்தாள். அரை நாளோடு எல்லோரும் போயிருந்தார்கள், சாவி அவளிடம்தான் இருக்கும். உலோக ஃப்ரேம் தேய்க்கிற சின்னச் சக்கரத்தை ஓடவிட்டு, பிசிறை ஒரு தொடு தொட்டாள். சாக்ஸில் இன்னும் லேசாகப் பிடித்தது. இன்னொரு தொடு. இப்போது பிடிக்கவில்லை, ஆனால் அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், ஒரு பக்கம் குறைந்தால் எதிர்ப்பக்கமும் சமமாக இருக்கவேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு தொடு தொட்டாள். விரலால் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. திருப்தியாக வீட்டுக்கு வந்து, அவன் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மாட்டி வைத்துவிட்டாள். அவன் நிதானமாகக் குளிக்கிறவன், அன்றைக்கு அதுவும் அவளுக்குச் சாதகமாகப் போயிற்று.

மறுநாள் வரிசையில் பதினான்காவது ஆளாக அண்ணன் வந்தான். "பாத்துக்க பாப்பா" என்று நீட்டினான். சாக்ஸ் மேல் வளையம் வழுக்கிக்கொண்டு ஓடியது. "ஆகும்" என்றாள். பதினோரு வருஷத்தில் அந்த மேஜையில் அவள் சொன்ன முதல் பொய் அது. அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

முதல் சுற்றில் அவனுக்கு எதிரே ரெட்டைப் பின்னல் போட்ட ஒன்பது வயதுப் பெண். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் அண்ணன் இழுத்தான். சாக்ஸ் அக்கா மேஜையிலிருந்து எழுந்து நின்று பார்த்தாள். கை ஆடவில்லை. எப்போதும் போலக் கல்லாகத்தான் நின்றது. ஆனால் பம்பரம் கிண்ணத்தில் விழுந்ததுமே சத்தம் மாறியது. சீராக ரீங்காரம் போடுகிற பம்பரம் விட்டு விட்டு முனகியது. தலை ஆடியது. ரெட்டைப் பின்னலின் பம்பரம் வந்து மெல்ல ஓர் இடி இடித்ததும் சாய்ந்துவிட்டது. இரண்டாம் தடவை அவன் இன்னும் வேகமாக இழுத்தான். இன்னும் மோசமாக ஆடி, மோதுவதற்கு முன்னாலேயே தானாக ஓரத்தில் போய் விழுந்தது. இரண்டு தோல்வி, ஆட்டம் முடிந்தது.

அண்ணன் பம்பரத்தைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரெட்டைப் பின்னல் அவன் பம்பரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கை வலிக்குதா மாமா?" என்று கேட்டது. "இல்லடா கண்ணு" என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது, பாதி வழியில், "போயிருச்சு பாப்பா" என்றான்.

"என்னண்ணா?"

"கை. இழுக்கும்போது ஒண்ணும் தெரியல. நல்லா இழுத்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்குத் தெரியாமயே ஆடியிருக்கு. பம்பரம் பொய் சொல்லுமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை, நடுரோட்டில் நின்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டாள். சொன்னால், ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவள் அதைத் திருட்டுத்தனமாக உடைத்தாள் என்று ஆகும். தங்கச்சி கை சொன்னால் சொன்னதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன், அரம் பட்ட பம்பரத்தை விட்டான் என்றும் ஆகும். எப்படியாவது அதே மாதிரி வளையம் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டால் அடுத்த மாதம் ஜெயித்துவிடுவான், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று கணக்குப் போட்டாள். அவமானத்துக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தாள், அதை அவளும் பின்னால் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவன் போட்டிக்கு வரவில்லை. லாஞ்சரைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தான். ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, அவன் எடுக்கவில்லை. இவள் எடுத்துக் கையில் கொடுத்தால், "எதுக்கு?" என்று கேட்டான். ஒரு காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டனைப் போடாமல் இவள் முன்னால் வந்து நின்றான். இவள் போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து அது அவள் வேலையாயிற்று. பிறகு டீயை ஊட்டிவிடவேண்டி வந்தது. முகம் மழிக்க ஆளைக் கூட்டிவந்தாள். எதற்கும் அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளை அறுத்தது. வலது கையை ஒரு விருந்தாளியை உட்காரவைக்கிற மாதிரித் தலையணை மேல் வைத்துவிட்டு, அதைத் தொந்தரவு செய்யாமல் இருந்தான்.

நாலாவது மாதம், பழைய ஆட்டக்காரர் ஒருவரிடமிருந்து பொம்மைக்கடைக்காரர் அந்த மொட்டை வளையத்தை வாங்கிக் கொடுத்தார். புத்தம் புதிது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. அவள் ஓடி வந்து அவன் முன்னால் வைத்தாள். "இத மாட்டி ஒரு தடவ விட்டுப் பாரேண்ணா."

"வளையம் என்ன பண்ணும் பாப்பா. அந்த ரெட்டப் பின்னலுக்குக் குடு, சந்தோஷப்படும்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அப்போதும் அவள் சொல்லவில்லை. வளையத்தைப் பெட்டியோடு அலமாரிக்குள், லாஞ்சருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏழாவது மாதம் டாக்டரிடம் போனார்கள். அவர் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். விரல்கள் மடங்க மறுத்தன. "நோய் இவ்வளவு வேகமா வந்திருக்காதே. கைய சும்மா போட்டு வச்சீங்களா? சொல்லித்தானே அனுப்பினேன், ஏன் விட்டீங்க?" என்று சத்தம் போட்டார்.

"கை முடிஞ்சுபோச்சுன்னு பம்பரமே சொல்லிருச்சு டாக்டர்" என்றான் அண்ணன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலுக்கு உள்ளே நின்றபடியே சொன்னாள். "அண்ணா, அன்னிக்கு உன் கை தப்புப் பண்ணல. நான்தான் வளையத்தத் தேய்ச்சேன். நீ குளிக்கப் போயிருந்தப்ப எடுத்துட்டுப் போயி, பட்டறையில தேய்ச்சேன். பிசிறு இருந்துச்சு. உனக்கு ஆகாதுன்னு சொல்ல என்னால முடியல."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எத்தன தடவ தொட்ட?"

"பிசிறுல ரெண்டு தடவ. அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு தடவ."

"எதிர்ப்பக்கம் எதுக்கு?"

"சமமா இருக்கணும்னு."

அவன் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "லாஞ்சர எடுத்துட்டு வா" என்றான்.

புது வளையத்தை மாட்டிக் கையில் கொடுத்தாள். துணி அலசுகிற பிளாஸ்டிக் பேசினைக் காலடியில் வைத்தாள். விரல்கள் நாடாவின் வளைவுக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்து அவள்தான் நுழைத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். நாடா ஒரு சாண் வந்து நின்றது. பம்பரம் சொத்தென்று பேசினுக்குள் விழுந்து படுத்துக்கொண்டது. மறுபடி இழுத்தான், அந்த ஒரு சாண்கூட வரவில்லை. கை இழுக்கும்போதும் ஆடியது. இப்போது நிஜமாகவே போய்விட்டிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. பழச மாட்டு" என்றான். "நீ தேய்ச்சத. மாட்டிட்டு நீ இழு."

"எனக்கு விடத் தெரியாதுண்ணா."

"ஒரே இழுப்பு. பாதியில நிறுத்தாத, அவ்வளவுதான்."

அவள் தேய்த்த வளையத்தை மாட்டினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாடாவை இழுத்தாள். அவள் கை நல்ல கை, உழைக்கிற கை, துளியும் ஆடவில்லை. பம்பரம் பேசினில் விழுந்தது. விட்டு விட்டு முனகியது. தலை ஆடியது. ஓரத்தில் போய் இடித்துச் சாய்ந்தது. அன்றைக்குப் பார்த்த அதே ஆட்டம், அதே சத்தம்.

அண்ணன் பேசினுக்கு மேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவ விடு" என்றான். விட்டாள். அதேபோல ஆடி விழுந்தது. மூன்றாவது தடவையும் விடச் சொன்னான்.

"அப்ப அன்னிக்குக் கை நல்லாத்தான் இருந்திருக்கு."

"நல்லாத்தாண்ணா இருந்துச்சு. நான் எழுந்து நின்னு பாத்தேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

"ம்" என்றான். அவன் முகத்தில் ஏழு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மெல்லத் தடவிக் கொடுத்தான். ரொம்ப நாள் சந்தேகப்பட்டதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

"ஏழு மாசம் பாப்பா" என்றான். திட்டவில்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அவன் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். அவன் தடுக்கவில்லை. ஆடுகிற கை அவள் தலைமேல் வந்து விழுந்தது, அவன் வைத்தானா, தானாக வந்து விழுந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ விடு, பாக்கறேன்" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேய்த்த வளையத்தை லாஞ்சரில் பொருத்தினாள்.